தகவமைப்புக் கைமாற்றம்

தகவமைப்புக் கைமாற்றம் என்பது, நகர்ந்துகொண்டிருக்கும் கைபேசி போன்ற கம்பியில்லாக் கருவியின் இணைப்பை ஒரு தள நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாற்றுவது என்ற முடிவை, அப்போதைய வேகம், சமிக்ஞை வலிமை, நெரிசல் ஆகியவற்றுக்கு ஏற்பத் தானே திருத்திக்கொண்டு எடுக்கும் முறை ஆகும். இணைப்பு அறுபடாமல் ஒரு நிலையத்திடமிருந்து மற்றொரு நிலையத்திடம் ஒப்படைக்கப்படுவது கைமாற்றம் அல்லது ஹேண்ட்ஓவர் எனப்படுகிறது. அமெரிக்க வழக்கில் இது ஹேண்ட்ஆஃப் என்று அழைக்கப்படும்.

பேருந்திலோ தொடர்வண்டியிலோ பேசிக்கொண்டே செல்பவர் தம் பயணத்தில் பல தள நிலையங்களைக் கடக்கிறார். ஒவ்வொரு எல்லையிலும் இணைப்பை மாற்றும் முடிவு எடுக்கப்பட வேண்டும். முடிவு முந்தினால் இணைப்பு இரு நிலையங்களுக்கிடையே ஊசலாடும். பிந்தினால் அழைப்பு முறிந்துவிடும். நடந்து செல்பவருக்குப் பொருத்தமான நேரம் விரைவுத் தொடர்வண்டியில் செல்பவருக்குப் பொருந்தாது. எல்லோருக்கும் எல்லா இடத்துக்கும் சரியான ஒரே அளவு இல்லை என்பதால்தான் தகவமைப்பு தேவைப்படுகிறது.

செல் அமைப்பும் கைமாற்றத்தின் வரலாறும்

1946-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கப்பட்ட வாகனத் தொலைபேசிச் சேவையில், நகரம் முழுவதற்கும் உயரமான ஒரு பெரிய அலைபரப்பியே பயன்பட்டது. அதில் கைமாற்றம் என்ற சிக்கலே எழவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் மிகச் சிலர் மட்டுமே பேச முடிந்தது. ஓர் அதிர்வெண்ணை ஒருவர் பயன்படுத்தும்போது நகரில் வேறு எவரும் அதைப் பயன்படுத்த இயலாது.

இதற்குத் தீர்வாக 1947-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங், பெரிய பரப்பை அறுகோண வடிவச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கருத்தை ஒரு குறிப்பாக எழுதினார். இப்பகுதிகளே செல்கள் எனப்படுகின்றன. ஒவ்வொரு செல்லிலும் குறைந்த திறனுள்ள ஓர் அலைபரப்பி இருக்கும். ஒரு செல்லில் பயன்படும் அதிர்வெண்ணைச் சற்றுத் தொலைவில் உள்ள மற்றொரு செல்லில் மீண்டும் பயன்படுத்தலாம். இதனால் அதே அலைக்கற்றையைக் கொண்டு பன்மடங்கு மக்கள் பேச முடியும்.

செல்கள் சிறியவை என்பதால் பயணம் செய்பவர் அவற்றை விரைவில் கடந்துவிடுவார். எனவே இணைப்பை ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தானாக மாற்றும் ஏற்பாடு தேவைப்பட்டது. பெல் ஆய்வகத்தின் ஏமஸ் ஜோயல் இதற்கான இணைப்பு மாற்று அமைப்பை வடிவமைத்து 1972-இல் காப்புரிமை பெற்றார். செல் அமைப்பிலான வணிகச் சேவை 1979-இல் டோக்கியோவிலும், 1983 அக்டோபரில் அமெரிக்காவின் சிகாகோவிலும் தொடங்கியது. இரண்டாம் தலைமுறையான ஜிஎஸ்எம் சேவை 1991-இல் ஃபின்லாந்தில் தொடங்கியது. இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து பேசப்பட்டது.

கைமாற்றத்தின் வகைகள்

முடிவை யார் எடுக்கிறார் என்பதைப் பொறுத்துக் கைமாற்றம் மூன்று வகைப்படும்.

1. வலையமைப்பு முடிவெடுப்பது: முதல் தலைமுறையில் கைபேசியின் சமிக்ஞையைத் தள நிலையங்களே அளந்தன, மைய இணைப்பகம் முடிவெடுத்தது. கைபேசிக்கு இதில் பங்கு இல்லை.

2. கைபேசியின் உதவியோடு வலையமைப்பு முடிவெடுப்பது: ஜிஎஸ்எம் முதல் 5ஜி வரை இம்முறையே அடிப்படை. கைபேசி தன்னைச் சுற்றியுள்ள செல்களை அளந்து தெரிவிக்கும். ஜிஎஸ்எம் அழைப்பின்போது ஏறத்தாழ 480 மில்லிநொடிக்கு ஒருமுறை, மிக வலிமையான ஆறு அண்டைச் செல்கள் வரை கைபேசி அறிக்கை அனுப்புகிறது.

3. கருவியே முடிவெடுப்பது: வை-ஃபையில் எந்த அணுகல் முனையுடன் இணைவது என்பதைக் கருவியே தீர்மானிக்கிறது.

இணைப்பு மாறும் விதத்தைப் பொறுத்து வன் கைமாற்றம், மென் கைமாற்றம் என இரு வகை உண்டு. வன் கைமாற்றத்தில் பழைய இணைப்பு விடப்பட்ட பிறகே புதியது பிடிக்கப்படும். மென் கைமாற்றத்தில் புதியதைப் பிடித்த பிறகே பழையது விடப்படும். ஏணியில் ஏறுபவர் மேல்படியை ஒரு கையால் பற்றிய பின் கீழ்ப்படியிலிருந்து மறு கையை எடுப்பதை இதற்கு ஒப்பாகக் கூறலாம். சிடிஎம்ஏ முறையிலும் மூன்றாம் தலைமுறையிலும் மென் கைமாற்றம் இருந்தது. நான்காம் தலைமுறையான எல்டிஇ மீண்டும் வன் கைமாற்றத்துக்குத் திரும்பியது. அதில் இடைவெளி மில்லிநொடிகளில் அளக்கும் அளவுக்குச் சிறியது என்பதால், சரியாக நடக்கும் கைமாற்றத்தைப் பேசுபவர் உணர்வதில்லை.

ஒரே வகை வலையமைப்புக்குள் நடப்பது கிடைமட்டக் கைமாற்றம். வை-ஃபையிலிருந்து 4ஜிக்கு மாறுவது போல வேறு வகை வலையமைப்புக்குச் செல்வது செங்குத்துக் கைமாற்றம்.

முடிவு எடுக்கப்படும் முறை

சமிக்ஞையை அளத்தல்

கைபேசியை வந்தடையும் சமிக்ஞையின் வலிமை டிபிஎம் என்ற அலகில் குறிக்கப்படுகிறது. ஒரு மில்லிவாட் திறன் 0 டிபிஎம் ஆகும். 10 டெசிபெல் குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகும். 3 டெசிபெல் குறைந்தால் ஏறத்தாழப் பாதியாகும். எனவே −90 டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. எல்டிஇ கைபேசி அறிவிக்கும் சமிக்ஞை அளவு பொதுவாக −44 முதல் −140 டிபிஎம் வரையிலான எல்லைக்குள் அமையும். சுழியத்துக்கு அருகில் உள்ள எண் வலிமையானது. −80 நல்லது, −115 மிகப் பலவீனமானது.

இந்த அளவு ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் அழித்தும் சமிக்ஞையை ஏற்றி இறக்குகின்றன. 1800 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் சுமார் 16.7 செ.மீ. ஆதலால், கைபேசியை 8 செ.மீ. நகர்த்தினாலே சமிக்ஞை சட்டென்று வீழ்ந்து எழக்கூடும். இதைத் தவிர, ஒரு பெரிய கட்டடத்தின் பின்புறம் செல்லும்போது பல மீட்டர் தொலைவுக்குச் சமிக்ஞை தாழ்ந்தே இருக்கும். முன்னது கண நேர நடுக்கம். பின்னது உண்மையான சரிவு. இரண்டையும் பிரித்தறிவதே கைமாற்ற முடிவின் முதல் வேலை.

இதற்காகக் கைபேசி அளவீடுகளைச் சராசரிப்படுத்துகிறது. பொதுவான ஓர் அமைப்பில் பழைய சராசரியில் பாதியும் புதிய அளவில் பாதியும் கூட்டப்படும். பழைய சராசரி −96, புதிய அளவு −104 எனில் புதிய சராசரி −100 ஆகும். பழையதற்கு அதிக எடை கொடுத்தால் நடுக்கம் அடங்கும். ஆனால் உண்மையான சரிவும் தாமதமாகவே தெரியவரும்.

தயக்க விளிம்பு

அண்டைச் செல் சற்று வலிமையாகத் தெரிந்தவுடன் இணைப்பு மாற்றப்படுவதில்லை. அது குறிப்பிட்ட டெசிபெல் அளவு கூடுதலாக இருக்க வேண்டும். இந்தக் கூடுதல் அளவே தயக்க விளிம்பு. இயற்பியல் பாடத்தில் வரும் காந்தத் தயக்கத்தின் பெயரே இங்கும் பயன்படுகிறது. காந்தமாக்கும் புலம் குறைந்த பின்னும் இரும்பு தன் பழைய நிலையைச் சற்றுப் பற்றிக்கொண்டிருப்பதைப் போல, கைபேசியும் பழைய செல்லைச் சற்றுப் பற்றிக்கொண்டிருக்கிறது. எல்டிஇ தரநிலையில் இதை 0 முதல் 15 டெசிபெல் வரை அரை டெசிபெல் படிகளில் அமைக்கலாம்.

காத்திருப்பு நேரம்

விளிம்பைத் தாண்டிய நிலை குறிப்பிட்ட காலம் இடைவிடாமல் நீடிக்க வேண்டும். இடையில் நிலை மாறினால் கடிகாரம் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். எல்டிஇயில் இதற்கு 0 முதல் 5120 மில்லிநொடி வரை 16 மதிப்புகள் வரையறுக்கப்பட்டுள்ளன.

அறிக்கையும் கட்டளையும்

இவ்விரு நிபந்தனைகளும் நிறைவேறியதும் கைபேசி தன் தள நிலையத்துக்கு அறிக்கை அனுப்பும். எல்டிஇ, 5ஜி தரநிலைகளில் இந்நிகழ்வு ஏ3 என்று பெயரிடப்பட்டுள்ளது. தள நிலையம் அண்டை நிலையத்திடம் இடம் உள்ளதா என்று கேட்கும். அது ஒப்புக்கொண்டால் மாறிச்செல்லும்படி கைபேசிக்குக் கட்டளை வரும். கைபேசி புதிய செல்லுடன் இணைந்ததும் கைமாற்றம் முடிவடையும்.

இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அறிக்கை மேலே செல்வதும் கட்டளை கீழே வருவதும் பழைய இணைப்பின் வழியாகத்தான். அந்த இணைப்போ நொடிக்கு நொடி பலவீனமாகிக்கொண்டிருக்கிறது. அளவுக்கு மீறிக் காத்திருந்தால், அருகில் வலிமையான செல் இருந்தும், அதற்கு மாறிச்செல் என்ற கட்டளை கைபேசியை வந்து சேராமலே போகலாம். எதிர்பாராமல் முறியும் பல அழைப்புகளுக்கு இதுவே காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பேருந்து அ என்னும் தள நிலையத்திலிருந்து விலகி ஆ என்னும் நிலையத்தை நெருங்குகிறது. கைபேசி 200 மில்லிநொடிக்கு ஒருமுறை எடுக்கும் அளவுகள் பின்வருமாறு இருப்பதாகக் கொள்வோம். எண்கள் டிபிஎம் அலகில் உள்ளன.

0 மி.நொ.: அ −95, ஆ −97
200 மி.நொ.: அ −96, ஆ −94
400 மி.நொ.: அ −98, ஆ −94
600 மி.நொ.: அ −94, ஆ −96
800 மி.நொ.: அ −99, ஆ −95
1000 மி.நொ.: அ −100, ஆ −95
1200 மி.நொ.: அ −101, ஆ −94
1400 மி.நொ.: அ −102, ஆ −94
1600 மி.நொ.: அ −103, ஆ −93

எப்போதும் வலிமையான செல்லையே தேர்ந்தெடு என்ற எளிய விதியைப் பின்பற்றினால், 200-இல் ஆவுக்கும், 600-இல் மீண்டும் அவுக்கும், 800-இல் மறுபடி ஆவுக்கும் மாற நேரிடும். ஒன்று போதுமான இடத்தில் மூன்று கைமாற்றங்கள் நடக்கின்றன.

விளிம்பு 3 டெசிபெல், காத்திருப்பு 640 மில்லிநொடி என அமைத்தால் நிலைமை மாறும். 400-இல் வேறுபாடு 4 டெசிபெல் ஆனதால் கடிகாரம் தொடங்குகிறது. 600-இல் நிபந்தனை பொய்த்ததால் அது நின்றுவிடுகிறது. 800-இல் மீண்டும் தொடங்கி, 1440-ஆவது மில்லிநொடியில் 640 நிறைவடைகிறது; அறிக்கை அனுப்பப்படுகிறது. ஒரே ஒரு கைமாற்றத்தோடு வேலை முடிகிறது. ஆனால் அதற்குள் அவின் சமிக்ஞை −102 டிபிஎம் வரை சரிந்துவிட்டது. பேருந்தின் வேகத்தில் இது தாங்கக்கூடிய சரிவு. இதைவிடப் பல மடங்கு வேகத்தில் அவை விட்டு விலகும் வண்டியில் அதே 640 மில்லிநொடிக்குள் இணைப்பே அறுந்திருக்கக் கூடும்.

முடிவு தவறும் விதங்கள்

தவறான கைமாற்றங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றன.

மிகத் தாமதம்: கட்டளை வருவதற்குள் பழைய இணைப்பு முறிகிறது. கைபேசி தானாக வேறொரு செல்லைத் தேடி இணைய முயலும். அதற்குள் அழைப்பு அறுந்துபோகலாம்.

மிக விரைவு: புதிய செல்லின் சமிக்ஞை நிலைபெறுவதற்கு முன்பே மாற்றம் நடந்துவிடுகிறது. சிறிது நேரத்தில் இணைப்பு முறிந்து, கைபேசி பழைய செல்லுக்கே திரும்புகிறது.

தவறான செல்: ஒரு செல்லுக்கு அனுப்பப்பட்ட கைபேசி அங்கே நிலைக்காமல் மூன்றாவது ஒரு செல்லில் போய்ச் சேர்கிறது. நாற்சந்திகளிலும் உயரமான கட்டடங்களின் மேல்தளங்களிலும் பல செல்கள் ஒருங்கே தெரிவதால் இவ்வாறு நேர்கிறது.

ஊசலாட்டம்: இரு செல்களுக்கிடையே இணைப்பு மாறி மாறிச் செல்கிறது. மேசைப் பந்தாட்டத்தை நினைவூட்டுவதால் இது பிங்-பாங் விளைவு எனப்படும். அழைப்பு முறியாவிட்டாலும் ஒவ்வொரு மாற்றமும் தள நிலையங்களுக்கிடையே பல செய்திகளை உண்டாக்குகிறது, தரவு ஓட்டத்தில் சிறு தடை ஏற்படுகிறது, மின்கலமும் செலவாகிறது.

முதல் தவறைக் குறைக்க விளிம்பையும் காத்திருப்பையும் குறைக்க வேண்டும். இரண்டாம், நான்காம் தவறுகளைக் குறைக்க அவற்றைக் கூட்ட வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடுகிறது.

ஒரே அளவு ஏன் போதாது

காத்திருப்பு நேரம் 640 மில்லிநொடி என்று கொள்வோம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவர் அந்த நேரத்தில் 0.9 மீட்டர் நகர்வார். 40 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்து 7 மீட்டர் செல்லும். 300 கி.மீ. வேகத்தில் ஓடும் தொடர்வண்டி 53 மீட்டர் கடந்துவிடும். காத்திருப்பை 5120 மில்லிநொடியாக வைத்தால் அத்தொடர்வண்டி 427 மீட்டர் சென்றிருக்கும்.

செல்லின் அளவும் முக்கியம். 2 கி.மீ. அகலமுள்ள செல்லைக் கடக்க நடப்பவருக்கு 24 நிமிடமும், பேருந்துக்கு 3 நிமிடமும், விரைவுத் தொடர்வண்டிக்கு 24 நொடியும் ஆகும். நகரங்களில் கடைத்தெருக்களிலும் நிலையங்களிலும் அமைக்கப்படும் சிறு செல்களின் அகலம் சில நூறு மீட்டருக்கும் குறைவு. அங்கே வேகமாகச் செல்லும் வாகனத்தை அச்செல்லுக்குள் சேர்ப்பதே வீண். சேர்ந்த சில நொடிகளில் வெளியேற வேண்டியிருக்கும்.

விரைவுத் தொடர்வண்டியில் வேறு ஒரு சிக்கலும் உண்டு. நூற்றுக்கணக்கான பயணிகளின் கைபேசிகள் ஒரே நேரத்தில் எல்லையைக் கடக்கின்றன. அத்தனை கைமாற்றக் கோரிக்கைகளும் ஒருசேர வந்து தள நிலையத்தைத் திணறச் செய்யும். ஐரோப்பிய இருப்புப்பாதைகளில் ஜிஎஸ்எம்-ஆர் என்ற தனி வலையமைப்பு, வண்டி எவ்வளவு தொலைவு செல்லலாம் என்ற அனுமதியை ஓட்டுநர் அறைக்கு அனுப்பப் பயன்படுகிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் செய்தி வராவிட்டால் வண்டி தானாக நிறுத்தப்படும்படி அமைக்க முடியும். அங்கே தவறிய ஒரு கைமாற்றம் ஓடும் வண்டியையே நிறுத்திவிடலாம். இதனால் பாதையோரத் தள நிலையங்களின் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று போதிய அளவு படியும்படி திட்டமிடப்படுகின்றன.

தகவமைப்பு முறைகள்

வேகத்துக்கு ஏற்ற காத்திருப்பு

எல்டிஇயின் முதல் தரநிலையிலேயே இம்முறை இடம்பெற்றது. குறிப்பிட்ட காலத்துக்குள் எத்தனை முறை செல் மாறியது என்பதைக் கைபேசி எண்ணும். எண்ணிக்கையைப் பொறுத்துத் தன்னை இயல்பு, நடுத்தரம், மிகுவேகம் என்ற மூன்று நிலைகளில் ஒன்றில் வைத்துக்கொள்ளும். நடுத்தர, மிகுவேக நிலைகளில் காத்திருப்பு நேரம் 0.25, 0.5, 0.75, 1 ஆகியவற்றுள் வலையமைப்பு கொடுத்த எண்ணால் பெருக்கப்படும். 640 மில்லிநொடி 0.25-ஆல் பெருக்கப்பட்டால் 160 ஆகும். அப்போது விரைவுத் தொடர்வண்டி 53 மீட்டருக்குப் பதிலாக 13 மீட்டர்தான் நகர்ந்திருக்கும்.

இதில் ஒரு குறை உண்டு. சிறு செல்கள் நெருங்கியுள்ள நகரத்தெருவில் மெதுவாக நடப்பவரும் பல செல்களைக் கடப்பதால், அவரை விரைவாகச் செல்பவர் என்று இம்முறை தவறாகக் கணிக்கக்கூடும்.

தவறுகளிலிருந்து திருத்திக்கொள்ளுதல்

2009-இல் வந்த எல்டிஇயின் அடுத்த வெளியீட்டில், வலையமைப்பு தன் தவறுகளைத் தானே பதிவுசெய்து திருத்தும் வசதி சேர்க்கப்பட்டது. இணைப்பு முறிந்து வேறு செல்லில் சேர்ந்த கைபேசியைப் பற்றி அப்புதிய நிலையம் பழைய நிலையத்துக்குத் தகவல் அனுப்பும். தவறு தாமதத்தாலா, அவசரத்தாலா, தவறான செல்லாலா என்று பிரித்தறியப்படும். ஒரு குறிப்பிட்ட எல்லையில் தாமதத் தவறுகள் மிகுந்தால், அந்த இரு செல்களுக்கிடையிலான விளிம்பு மட்டும் குறைக்கப்படும். ஒவ்வொரு எல்லைக்கும் தனித்தனி அளவு இவ்வாறு உருவாகிறது.

நெரிசலைக் கணக்கில் கொள்ளுதல்

ஒரு செல்லில் கூட்டம் மிகுந்தால் விளிம்பை மாற்றி, எல்லையில் உள்ளவர்களை அண்டைச் செல்லுக்கு முன்கூட்டியே அனுப்பலாம். திருவிழா, விளையாட்டுத் திடல் போன்ற இடங்களில் இது பயன்படும். ஆனால் நெரிசலுக்காகக் குறைக்கப்பட்ட விளிம்பு அவசரக் கைமாற்றங்களை உண்டாக்கும். தவறு திருத்தும் பகுதி அதைக் கண்டு விளிம்பைக் கூட்டும். ஒரே திருகை இருவர் எதிரெதிர்த் திசையில் திருப்புவது போன்ற இந்நிலையைத் தவிர்க்க, எதற்கு முன்னுரிமை என்பதை முன்பே வரையறுக்க வேண்டும்.

மங்கல் தர்க்கம்

1965-இல் லோட்ஃபி சாடே முன்வைத்த மங்கல் கணங்களின் அடிப்படையில் அமைந்தது இம்முறை. −100-க்குக் கீழ் மோசம், மேல் நல்லது என்று ஒரே கோடு கிழிக்காமல், சமிக்ஞை ஓரளவு பலவீனம், வேகம் ஓரளவு அதிகம், நெரிசல் குறைவு என்று படிநிலைகளாகக் கொள்ளப்படும். வேகம் அதிகம், சமிக்ஞை சரிகிறது எனில் காத்திருப்பைக் குறை என்பது போன்ற விதிகளிலிருந்து விளிம்பின் மதிப்பு கணக்கிடப்படும். விதிகளை மனிதர் படித்துப் புரிந்துகொள்ள முடிவது இதன் சிறப்பு.

இயந்திரக் கற்றல்

வலுவூட்டல் கற்றல் என்ற முறையில், கணினி ஒரு முடிவை எடுத்து அதன் விளைவுக்கேற்ப மதிப்பெண் பெறும். அழைப்பு தொடர்ந்தால் கூட்டல் மதிப்பெண். முறிந்தாலோ ஊசலாடினாலோ கழித்தல் மதிப்பெண். பல முறை பயின்ற பின் எந்தச் சூழலில் எந்த அளவு நல்லது என்பதை அது கற்றுக்கொள்ளும். எனினும் ஒரு நகரத்தில் கற்றது வேறு நகரத்துக்குப் பொருந்தாமல் போகலாம். கற்கும் காலத்தில் செய்யும் தவறுகளும் உண்மையான மனிதர்களின் அழைப்புகளையே பாதிக்கும். எனவே கணினிப் போலச்செய்தலில் பயிற்றுவித்த பின்பே இத்தகைய முறைகளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது பாதுகாப்பானது.

நிபந்தனைக் கைமாற்றம்

2020-இல் நிறைவடைந்த 5ஜியின் 16-ஆம் வெளியீட்டில் இம்முறை தரப்படுத்தப்பட்டது. இதில் சமிக்ஞை நன்றாக இருக்கும்போதே, மாறக்கூடிய அண்டைச் செல்கள் எட்டு வரை தயார்செய்யப்பட்டு, நிபந்தனையோடு கூடிய கட்டளை கைபேசியிடம் முன்கூட்டியே கொடுக்கப்படும். நிபந்தனை நிறைவேறும்போது கைபேசி யாரையும் கேட்காமல் மாறிக்கொள்ளும். அறுந்துகொண்டிருக்கும் இணைப்பின் வழியே கட்டளைக்காகக் காத்திருக்கும் ஆபத்து இதனால் நீங்குகிறது. ஆனால் ஒருவருக்காகப் பல செல்களில் இடம் ஒதுக்கி வைக்க வேண்டியிருப்பது இதற்கான விலை.

வை-ஃபைக்கும் கைபேசி வலையமைப்புக்கும் இடையில்

வை-ஃபையில் கருவியே முடிவெடுப்பதால் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுபடும். ஆப்பிள் நிறுவனத்தின் ஆவணப்படி, ஐஃபோன் தன் சமிக்ஞை −70 டிபிஎம்முக்குக் கீழே சென்ற பிறகே வேறு அணுகல் முனையைத் தேடத் தொடங்கும். தரவு ஓடிக்கொண்டிருந்தால் 8 டெசிபெல்லும், ஓடாவிட்டால் 12 டெசிபெல்லும் கூடுதலாக உள்ள முனையையே அது ஏற்கும். சூழ்நிலைக்கேற்ப விளிம்பு மாறுவதற்கு இது ஓர் எளிய எடுத்துக்காட்டு. சில கருவிகள் மிகவும் பலவீனமான பழைய முனையையே விடாமல் பற்றிக்கொண்டிருப்பதும் உண்டு. பெரிய அலுவலகங்களில் அறைக்கு அறை வை-ஃபை இருந்தும் காணொளிக் கூட்டம் தடைபடுவதற்கு இது ஒரு காரணம். இதைக் குறைக்க, அண்டை முனைகளின் பட்டியலைக் கருவிக்குத் தரும் 802.11கே, மாறும்போது பாதுகாப்புச் சரிபார்ப்பை விரைவாக்கும் 802.11ஆர் ஆகிய தரநிலைகள் 2008-இல் வெளிவந்தன.

வை-ஃபையிலிருந்து கைபேசி வலையமைப்புக்கு மாறுவது மேலும் சிக்கலானது. −65 டிபிஎம் வை-ஃபையையும் −95 டிபிஎம் 4ஜியையும் எண்ணால் ஒப்பிட முடியாது. இரண்டின் அளவுகோலும் வேறு. எனவே வேகம், கட்டணம், மின்கலச் செலவு, தாமதம் ஆகியவற்றுக்குத் தனித்தனி எடை கொடுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டிருப்பவருக்குத் தாமதம் முக்கியம். கோப்பு இறக்குபவருக்குக் கட்டணம் முக்கியம்.

திசையைப் பொறுத்தும் முடிவின் அவசரம் மாறும். 1998-இல் மார்க் ஸ்டெம், ராண்டி காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. வீட்டுக்குள் நுழைபவர் வை-ஃபைக்கு மாற அவசரப்பட வேண்டியதில்லை; கைபேசி வலையமைப்பு அங்கேயும் கிடைக்கும். வீட்டை விட்டு வெளியேறுபவரோ சில அடிகளுக்குள் மாறியாக வேண்டும்; வை-ஃபை திடீரென மறைந்துவிடும். ஆகவே உள்ளே வரும்போது நீண்ட காத்திருப்பும் வெளியே போகும்போது குறுகிய காத்திருப்பும் பொருத்தமானவை.

வலையமைப்பு மாறும்போது கருவியின் இணைய முகவரியும் மாறுவதால், நடந்துகொண்டிருந்த தொடர்பு அறுபடுவது வழக்கம். 2013-இல் வெளியான பல்வழி டிசிபி நெறிமுறை ஒரே தொடர்பை இரு வழிகளிலும் நடத்த வகைசெய்தது. 2021-இல் தரநிலையான குவிக் நெறிமுறை, முகவரிக்குப் பதிலாகத் தொடர்புக்கென்று தனி அடையாள எண்ணைப் பயன்படுத்துவதால் முகவரி மாறினாலும் தொடர்பு நீடிக்கிறது.

அழைப்பு முறிவும் பயனர் உரிமையும்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2009-இல் வகுத்த தர விதிகளில் முறியும் அழைப்புகள் 2 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. 2015 அக்டோபரில், முறியும் ஒவ்வோர் அழைப்புக்கும் 1 ரூபாய் வீதம், நாளொன்றுக்கு அதிகபட்சம் 3 அழைப்புகளுக்குப் பயனருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

கைமாற்றத் தவறு மட்டுமே அழைப்பு முறிவுக்குக் காரணம் அல்ல. கோபுரம் இல்லாத பகுதி, மின்தடை, செல்லில் இடமின்மை, கைபேசியின் மின்கலம் தீர்தல் ஆகியவையும் காரணங்கள். சராசரி விழுக்காடு குறைவாக இருந்தாலும், ஒரே பாலத்தில் அல்லது ஒரே திருப்பத்தில் நாள்தோறும் அழைப்பு முறிவதை அது காட்டிக்கொடுக்காது. அவசர உதவிக்கு 112 எண்ணை அழைத்துக்கொண்டே வாகனத்தில் செல்பவருக்கு அந்த ஓர் இடமே முக்கியம். ஒவ்வோர் எல்லையையும் தனித்தனியே கவனித்துத் திருத்தும் தகவமைப்பு முறையின் பயன் இங்குதான் தெளிவாகிறது.

வரம்புகள்

தகவமைப்பு இல்லாத சமிக்ஞையை உண்டாக்காது. இரு செல்களின் பரப்புகளுக்கிடையே இடைவெளி இருந்தால் எந்த வழிமுறையாலும் அழைப்பைக் காப்பாற்ற இயலாது. அங்கே புதிய தள நிலையமே தேவை. அடிக்கடி அளந்தால் முடிவு துல்லியமாகும். ஆனால் மின்கலம் விரைவில் தீரும். அளவுகளை மிக வேகமாக மாற்றும் அமைப்பு தானே நிலையிழந்து ஊசலாடக்கூடும். மேலும், பயனரின் பாதையை முன்கூட்டியே கணிக்கும் முறைகளுக்கு அவர் எங்கெங்கு செல்கிறார் என்ற தகவல் தேவைப்படுவதால், தனியுரிமை பற்றிய கேள்வியும் எழுகிறது.